சுரண்டி அழித்த இலக்கம் பிளாஸ்டிக்கில் திரும்பத் தெரியுமா?

கேள்வி இதுதான். நுவரெலியாவுக்குக் கிட்ட, கந்தப்பளைப் பக்கம் லீக்ஸும் கேரட்டும் போடுகிற ஒருவரின் மருந்தடிக்கிற மெஷின் கொட்டிலில் இருந்து களவு போய்விட்டது. கொஞ்சக் காலம் கழித்து, டவுனில் பழைய சாமான் விற்கும் ஒரு கடையில் அதே நிறத்தில், அதே மொடலில் ஒரு மெஷின் நிற்கிறது. எஞ்சின் மூடியில் பஞ்ச் அடித்திருந்த இலக்கத்தை யாரோ சாண்ட் பேப்பரால் தேய்த்திருக்கிறார்கள். டாங்கியில் இவர் ஆணியைச் சூடாக்கி எழுதியிருந்த முதலெழுத்துகளும் சுரண்டப்பட்டிருக்கின்றன. "இரும்பில் அழித்த செசி நம்பரை அசிட் போட்டு எடுக்கிறார்களே, பிளாஸ்டிக்கில் முடியாதா? தின்னர் போட்டுத் துடைத்தால் தெரியும் என்கிறார்கள். கடைக்காரர் தெரிந்தவர், ஒருநாள் மெஷினைத் தருகிறேன் என்றார். செய்து பார்க்கட்டுமா? அடுத்த மெஷினுக்கு எப்படி அடையாளம் போடுவது?" என்று கேட்கிறார்.

செய்யாதீர்கள். தின்னரையும் அசிட்டோனையும் நெய்ல் பொலிஷ் ரிமூவரையும் அந்த மெஷின் பக்கமே கொண்டு போகாதீர்கள். பிளாஸ்டிக்கில் அழித்த இலக்கத்தை எடுக்க முடியும், பல தடவை எடுத்தும் இருக்கிறார்கள். ஆனால் அதற்குக் கிடைக்கும் வாய்ப்பு பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். தவறான திரவம் ஒருமுறை பட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். பிளாஸ்டிக் சாமான் வார்க்கும் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் பல வருடம் இருந்தவன் நான். இப்போது பண்டாரவளையில் இரசாயனவியல் சொல்லிக் கொடுக்கிறேன். அதனால் காரணத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் இரும்பை எடுத்துக்கொள்வோம். இரும்பில் இலக்கம் அடிக்கும்போது பள்ளம் மட்டும் விழுவதில்லை, பள்ளத்துக்குக் கீழே இருக்கும் உலோகப் படிகங்களும் நசுங்கிக் குலைகின்றன. மேலே தெரிகிற பள்ளத்தை அரத்தால் ராவி எடுத்தாலும் கீழே குலைந்த பகுதி அப்படியே இருக்கும். செம்புக் குளோரைட்டும் ஐதரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசினால், குலைந்த பகுதி ஒரு விதமாகவும் சுற்றியிருக்கும் பகுதி வேறு விதமாகவும் அரிபடும். அந்த வித்தியாசம்தான் கண்ணுக்கு இலக்கமாகத் தெரிகிறது.

பிளாஸ்டிக்கில் கதை வேறு, அங்கே இருப்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள். குளிர்ந்த நிலையில் உருக்குப் பஞ்ச்சை வைத்துச் சுத்தியலால் அடித்தால், அந்த இடத்துச் சங்கிலிகள் இழுபட்டும் நசுங்கியும் அதே நிலையில் இறுகிப் போகின்றன. பழைய இடத்துக்குத் திரும்ப அவற்றுக்கு விருப்பம் இருக்கிறது, அசைய இடமில்லை. சூடு கொடுத்தாலோ, அந்தப் பிளாஸ்டிக்குக்குள் ஊறக்கூடிய திரவத்தைக் கொடுத்தாலோ அசைய முடிகிறது. உடனே திரும்புகின்றன.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். மெல்லிய பொலிஸ்டைரீன் யோகட் கப் ஒன்றை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் சுருண்டு, சுருங்கி, தட்டையான தகடாகிவிடும். அது உருகவில்லை. தகடாக இருந்ததை இழுத்துத்தான் கப் ஆக்கினார்கள், சூடு கண்டதும் அது பழைய தகடாகிறது.

நான் பிள்ளைகளுக்குச் செய்து காட்டும் பரிசோதனை இன்னும் நேரடியானது. ஒரு பழைய பிளாஸ்டிக் அடிமட்டத்தில் உருக்குப் பஞ்ச்சால் ‘8’ அடிப்போம். பிறகு பள்ளம் முழுதாக மறையும்வரை சாண்ட் பேப்பரால் தேய்ப்போம். விரலால் தடவினால் மொழுமொழுவென்று இருக்கும், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. சூடான காற்று ஊதும் கருவியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, மெதுவாக அந்த இடத்தை மட்டும் சூடாக்குவோம். கொஞ்ச நேரம் எதுவும் நடக்காது. திடீரென்று மேற்பரப்பின் பளபளப்பு மாறும், அதன் நடுவில் ‘8’ எழும்பி வரும். கவனியுங்கள், பள்ளமாக இருந்த எழுத்து இப்போது மேடாக வருகிறது. நசுங்கிய சங்கிலிகள் நிமிர்ந்து பழைய உயரத்தைத் தேடுகின்றன. ஆனால் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை நாம் தேய்த்து இறக்கிவிட்டோம், அதனால் எழுத்து மட்டும் மேலே நிற்கிறது. அத்தோடு நிறுத்தாமல் சூட்டைக் கூட்டிக்கொண்டே போனால் மொத்தப் பரப்பும் தளர்ந்து நெளியும், ‘8’ கரைந்துவிடும். இனி எத்தனை தடவை சூடாக்கினாலும் வராது. நான் ஒரே வாய்ப்பு என்று சொன்னது இதைத்தான்.

ஆகவே அழித்தது எப்படி என்பதைவிட, அந்த இலக்கத்தை முதலில் போட்டது எப்படி என்பதே முக்கியம். உங்கள் மெஷினில் குறைந்தது மூன்று விதமான அடையாளங்கள் இருக்கும், மூன்றும் மூன்று மாதிரி.

பஞ்ச் அடித்த இலக்கம் நல்ல செய்தி. குளிராக அடித்த எழுத்து, சங்கிலிகளில் அதிக அழுத்தத்தை விட்டுச் செல்லும். கூரான ஊசியால் கையால் கீறிய எழுத்திலும் கொஞ்சம் இருக்கும், ஆனால் ஆழம் குறைவு.

அச்சில் வார்க்கும்போதே வந்த எழுத்துகள், அதாவது கம்பனிப் பெயர், பிளாஸ்டிக் வகை, அம்புக்குறியோடு மாதமும் வருடமும் காட்டும் சின்ன வட்டம் போன்றவை, அழித்தால் அநேகமாகப் போனதுதான். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் ஓடி அந்த வடிவத்திலேயே இறுகியது. யாரும் அதை நசுக்கவில்லை, ஆகவே திரும்பிப் போக அதற்கு வேறு பழைய வடிவமும் கிடையாது. அந்த வட்டம் அழியாமல் இருந்தால் மட்டும் விடாதீர்கள். அது உங்கள் மெஷினை மட்டும் தனியாகக் காட்டாது, ஆனால் எந்த மாதம் வார்க்கப்பட்ட மூடி என்று சொல்லும். நீங்கள் வாங்கிய திகதிக்குப் பிறகு வார்த்த மூடியாக இருந்தால், குறைந்தது அந்த மூடி உங்களுடையதல்ல என்று அங்கேயே தெரிந்துவிடும். வீணாக ஒருவர் மேல் பழி போடாமல் இருக்க இதுவும் வேண்டும்.

மூன்றாவது, மையில் அச்சடித்த இலக்கமும் ஒட்டிய ஸ்டிக்கரும். இங்கே மலைநாட்டு வெயில் நமக்கு உதவும். நுவரெலியா குளிர் ஊர்தான், ஆனால் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகப் புறஊதாக் கதிர் கூடும், 1,000 மீட்டருக்குச் சுமார் 10 வீதம் என்று வைத்துக்கொள்ளலாம். கொல்லையில் கிடக்கும் நீல டாங்கி வெளிறி, தொட்டால் மாவு மாதிரி ஒட்டுவது இதனால்தான். மையோ ஸ்டிக்கரோ இருந்த இடத்தில் வெயில் குறைவாகப் பட்டிருக்கும், ஆகவே வெளிறலும் குறைவு. மை போன பிறகும் அதன் நிழல் பிளாஸ்டிக்கில் நிற்கும். புறஊதா விளக்கிலும் அகச்சிவப்புக் கமராவிலும் அந்த நிழல் சில வேளை தெளிவாகப் படிக்கக் கிடைக்கும். ஆனால் ஆழமாகச் சுரண்டியிருந்தால் வெளிறிய தோலே போயிருக்கும், நிழலும் அதோடு போயிருக்கும். லேசரால் எழுதிய இலக்கத்திலும் நிலைமை ஏறக்குறைய இதுதான்: சூடு போன ஆழம்வரை பிளாஸ்டிக் கருகியோ நுரைத்தோ இருக்கும், அந்த ஆழத்தைத் தாண்டித் தேய்த்துவிட்டால் மீதமிருப்பது சொற்பம்.

இனி நீங்கள் அதிகம் நம்பிக்கொண்டிருக்கும் ஆணி எழுத்து. நம்முடைய ஆட்கள் தண்ணீர்க் கேன், பரல், டாங்கி எல்லாவற்றிலும் இப்படித்தான் அடையாளம் போடுகிறார்கள். வருத்தமாகத்தான் சொல்கிறேன், மீட்டெடுப்பதற்கு இது பலவீனமான எழுத்து. சூடான ஆணி பிளாஸ்டிக்கை உருக்கிவிடுகிறது. உருகியதும் சங்கிலிகள் தளர்ந்துவிடும், பழைய வடிவத்தின் ஞாபகம் அங்கேயே அழியும். ஆனாலும் முழுதாகக் கைவிட வேண்டாம். இந்த டாங்கிகள் பெரும்பாலும் அடர்த்தி கூடிய பொலிஎதிலீன். அதில் ஒரு பகுதி படிகமாகவும் ஒரு பகுதி குழப்பமாகவும் இருக்கும். ஆணி பட்டு உருகி, வேகமாக ஆறிய கோட்டில் இந்த விகிதம் பக்கத்துப் பிளாஸ்டிக்கைப் போல இருக்காது. டாங்கி வெள்ளையாகவோ வெளிர்நிறமாகவோ இருந்தால் இருட்டில் உள்ளே விளக்கு வைத்து வெளியே இருந்து பார்ப்பார்கள். ஆணி ஆழமாக இறங்கியிருந்தால், சுரண்டிய பரப்பு மேலே சமமாகத் தெரிந்தாலும் சுவரின் உட்பக்கம் புடைப்போ, ஒளி புகும் அளவில் வித்தியாசமோ தெரியக்கூடும். இதற்குத் திரவமும் வேண்டாம், சூடும் வேண்டாம்.

சரி, தின்னர் விஷயம். திரவத்தால் எடுக்கும் முறை உண்மையிலேயே இருக்கிறது. அழுத்தப்பட்ட பகுதி திரவத்தை வேறு வேகத்தில் உறிஞ்சி வேறு அளவில் வீங்கும், அதனால் எழுத்து எழும்பும். ஆனால் எந்தப் பிளாஸ்டிக்குக்கு எந்தத் திரவம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஏ.பி.எஸ். என்ற கடினமான பிளாஸ்டிக் வகையையும் பொலிஸ்டைரீனையும் அசிட்டோன் கரைத்தே விடும். துணியில் நனைத்து ஒரு தேய் தேய்த்தால் மேல்தோல் குழம்பாகி, எழுத்து இருந்த அடுக்கு துணியோடு வந்துவிடும். பொலிகார்பனேட்டில் அசிட்டோன் பட்டால் வெள்ளை பூத்து மயிரிழை வெடிப்புகள் ஓடும். பொலிஎதிலீனுக்கும் பொலிப்ரொப்பிலீனுக்கும் சாதாரண வெப்பநிலையில் அசிட்டோன் ஒன்றும் செய்யாது, அவற்றுக்குச் சூடுதான் வழி. நைலோன் அசிட்டோனுக்கு அசையாது, ஃபோமிக் அமிலத்தில் கரையும். எஞ்சின் மூடிகளில் பல, கண்ணாடி இழை கலந்த நைலோன். அதுதான் எல்லாவற்றிலும் தொல்லை: மேற்பரப்பு கரைந்தால் இழைகள் வெளியே நீட்டிக்கொண்டு எழுத்தைக் குழப்பிவிடும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. அசிட்டோன் ஆவியாகும்போது பரப்பு சட்டென்று குளிரும். கந்தப்பளையில் மாலையில் பனிமூட்டம் இறங்கும் நேரத்தில் இதைச் செய்தால், காற்றில் உள்ள ஈரம் அந்தக் குளிர்ந்த பரப்பில் படிந்து வெள்ளை மூட்டமாகிவிடும். அதன் கீழே இலக்கம் இருந்தாலும் தெரியாது.

சூட்டுக்கும் இதே கவனம் வேண்டும். பி.வி.சி. ஏறத்தாழ 80 பாகை செல்சியஸில் தளரத் தொடங்கும், பொலிஸ்டைரீன் 100இல், ஏ.பி.எஸ். 105 அளவில், பொலிகார்பனேட் 150க்குக் கிட்ட. அடர்த்தி கூடிய பொலிஎதிலீன் 130 அளவில் உருகியே விடும், பொலிப்ரொப்பிலீன் 165 அளவில். கொதிநீர் ஊற்றிப் பார்க்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். ஏ.பி.எஸ். மூடியைத் தளர்த்த அது போதாது, அதிலுள்ள தூசியையும் எண்ணெயையும் கழுவிவிடத்தான் உதவும். அந்தத் தூசிகூட ஒரு சாட்சியாக இருக்கலாம்.

வகை தெரியாமல் கை வைக்கக் கூடாது என்றால் வகையை எப்படிக் கண்டுபிடிப்பது? மூடியின் உட்பக்கம் அநேகமாகச் சின்ன எழுத்தில் வார்த்திருப்பார்கள். முக்கோணத்துக்குள் 2 என்றால் அடர்த்தி கூடிய பொலிஎதிலீன், 5 என்றால் பொலிப்ரொப்பிலீன், 6 என்றால் பொலிஸ்டைரீன். 7 என்றால் ‘மற்றவை’, அதை வைத்து ஒன்றும் தெரியாது. ஆய்வுகூடத்தில் அகச்சிவப்பு நிறமாலை எடுத்து உறுதி செய்வார்கள்.

அவர்கள் செய்யும் வரிசையையும் சொல்கிறேன், ஏன் அவசரப்பட வேண்டாம் என்கிறேன் என்பது அப்போது விளங்கும். முதலில் வெறும் வெளிச்சம்: விளக்கைப் பரப்போடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்து, ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் படம் எடுப்பார்கள். அரைகுறையாகத் தேய்த்திருந்தால் இதிலேயே பாதி இலக்கம் கிடைத்துவிடும். அப்புறம் புறஊதா, அகச்சிவப்பு. பிளாஸ்டிக் கண்ணாடி மாதிரி ஒளி புகுவதாக இருந்தால், முனைவாக்கிய, அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியில் வைத்து அழுத்தம் இருக்கும் இடத்தை நிறக் கோடுகளாகப் பார்க்கலாம். வசதி உள்ள இடங்களில், லேசர் ஒளி சிதறுவதை அளக்கும் ராமன் நிறமாலைக் கருவியால் பரப்பைப் புள்ளி புள்ளியாக அளந்து, சங்கிலிகள் நெரிந்த இடங்களைப் படமாக வரைவார்கள். பொருளைத் தொடாமலே செய்யும் முறை இது, பொலிகார்பனேட்டில் நல்ல பலன் தந்திருக்கிறது. இத்தனையும் முடிந்த பிறகே, மறைவான ஒரு மூலையில் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, சூட்டுக்கோ திரவத்துக்கோ போவார்கள். எழுத்து சில விநாடிகள் மட்டும் தெரிந்து மறையலாம் என்பதால் அந்த நேரம் முழுவதும் கமரா ஓடிக்கொண்டிருக்கும்.

துப்பாக்கி விவகாரங்களில்தான் இந்த வேலை உலகெங்கும் அதிகம் தேவைப்படுகிறது. பிளாஸ்டிக் உடல் கொண்ட க்ளொக் கைத்துப்பாக்கியில், இலக்கத்தைப் பிளாஸ்டிக்கில் விடாமல் உள்ளே பதித்த உலோகத் தகட்டில் போடுகிறார்கள்.

அங்கிருந்து உங்கள் மெஷினுக்கு வருவோம். எஞ்சின் வைத்த மெஷின் என்றால் மூடிக்குக் கீழே உலோகப் பகுதியிலும் இலக்கம் அடித்திருக்க வாய்ப்பு இருக்கிறது. களவெடுத்தவர் வெளியே தெரிவதைத்தான் தேய்ப்பார். மூடியைக் கழற்றினால் உள்ளே முழு இலக்கமும் சிரித்துக்கொண்டு இருக்கலாம். பிளாஸ்டிக்கோடு போராட வேண்டிய தேவையே வராது. ஆனால் அந்த மூடியைக் கழற்றுவதும் நீங்களாக இருக்கக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. பில்லையும் வொரண்டி கார்டையும் தேடுங்கள், இலக்கம் அதில் இருக்கும். இல்லாவிட்டால் வாங்கிய கடையில் பிரதி இருக்கிறதா என்று கேளுங்கள். மெஷினோடு நீங்கள் நிற்கும் பழைய படம் எதிலாவது இருக்கிறதா பாருங்கள். கல்யாண வீடோ, அறுவடையோ, பிள்ளைகள் விளையாடியதோ, பின்னணியில் டாங்கியும் அதிலுள்ள எழுத்தும் விழுந்திருந்தால் அது பெரிய உதவி. நீங்கள் மாற்றிய உதிரிப்பாகம், ஒட்டுப்போட்ட குழாய், கட்டிய கம்பி, டாங்கி அடியில் விழுந்த வெடிப்பு, இவற்றையெல்லாம் கடையில் போய்த் திரும்பவும் பார்ப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வையுங்கள். பார்த்த பிறகு எழுதினால் பார்த்து எழுதினீர்கள் என்பார்கள்.

களவு போனபோதே முறைப்பாடு கொடுத்திருந்தால் அதன் பிரதியோடு பொலிஸுக்குப் போங்கள். கொடுக்கவில்லை என்றால் இப்போது கொடுங்கள். தமிழில் முறைப்பாடு கொடுப்பது உங்கள் உரிமை. வாசிக்க முடியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில், அதை ஒருவர் உங்களுக்கு முழுதாக விளங்கப்படுத்தாமல் கையெழுத்துப் போடாதீர்கள். தோட்டத்து ஆட்கள் பலர் இந்த இடத்தில் கூச்சப்பட்டு ஒப்பமிட்டுவிடுகிறார்கள். கேட்பதில் ஒரு கூச்சமும் வேண்டாம். மெஷினில் இலக்கம் தேய்க்கப்பட்டிருப்பதையும், இரசாயனப் பகுப்பாய்வுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பதையும் முறைப்பாட்டில் எழுதச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட ஆய்வுக்கான அரச இடம் பத்தரமுல்ல பெலவத்தையில் உள்ள அரச பகுப்பாய்வாளர் திணைக்களம். தனி ஆள் மெஷினைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, பொலிஸ், நீதிமன்ற வழியாக முத்திரையிட்ட சான்றுப் பொருளாகப் போக வேண்டும். 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தில் 45ஆம் பிரிவு நிபுணரின் கருத்தைச் சாட்சியமாக ஏற்கிறது. ஆனால் அதற்கு முன் நீங்கள் வீட்டில் தின்னர் போட்ட மெஷின் என்று தெரிந்தால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறு கேள்வியே தேவைப்படாது.

முடிவு வரும்போது முழு இலக்கத்தையும் எதிர்பார்க்காதீர்கள். 3ஆ 8ஆ, 0ஆ 6ஆ, 1ஆ 7ஆ என்ற தடுமாற்றம் எப்போதும் இருக்கும். நல்ல ஆய்வுகூடத்தில் இரண்டு பேர் தனித்தனியாக வாசித்து, ஒத்துப்போவதை மட்டுமே எழுதுவார்கள். உங்கள் வொரண்டி கார்டில் உள்ள இலக்கத்தை முன்கூட்டியே அவர்கள் பார்க்காமல் இருப்பது நல்லது, பார்த்துவிட்டால் கண் அதையே தேடும். எட்டில் ஐந்து இலக்கம் கிடைத்து, அந்த ஐந்தும் உங்கள் கார்டில் அதே இடங்களில் இருந்து, டாங்கி அடியில் நீங்கள் சொன்ன வெடிப்பும் இருந்தால், அந்த வழக்கு பலமான வழக்கு.

அடுத்த மெஷினுக்கு எப்படி அடையாளம் போடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். ஆணியைச் சூடாக்க வேண்டாம். ஹார்ட்வெயார் கடையில் உருக்குப் பஞ்ச் செட் விற்கிறார்கள், நாலைந்து பேர் சேர்ந்து ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக்கில் தடிப்பான இடமாகப் பார்த்து, பின்னால் மரக்கட்டை முட்டுக் கொடுத்து, குளிர்ந்த நிலையில் ஒரே அடியாக அடியுங்கள். மருந்து நிற்கும் டாங்கிச் சுவரில் அடிக்காதீர்கள், கைப்பிடி அடியிலோ தாங்கியிலோ அடியுங்கள். உங்கள் தேசிய அடையாள அட்டையின் கடைசி நாலு இலக்கம் போதும். அதையே வெளியில் தெரியாத இன்னொரு இடத்திலும் அடித்து, இரண்டையும் கிட்டப் பிடித்துப் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள்.